சிபில் அறிக்கையில் முன்பின் அறியாத ஒரு பெயர்

2024 மே மாதக் கடைசியில், சரவணம்பட்டியில் பார்த்து வைத்திருந்த வீட்டுக்கு இரண்டு லட்ச ரூபாய் முன்பணம் கொடுத்த நான்காவது நாள், கடன் விண்ணப்பத்தை வாங்கி வைத்திருந்த வங்கிக் கிளையிலிருந்து அழைப்பு வந்தது. நேரில் போனபோது கடன் பிரிவு அதிகாரி ஒன்றும் பேசாமல் கணினித் திரையை என் பக்கமாகத் திருப்பினார். சம்பளச் சான்று, வருமான வரிக் கணக்கு, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருக்க, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் மட்டும் 641 என்று நின்றது. அதற்குக் கீழே, நான் கேள்வியே பட்டிராத ஒரு நிறுவனத்தின் பெயரில் 31,870 ரூபாய் நிலுவை என்று ஒரு கணக்கு இருந்தது. "இவங்ககிட்ட என்ன சார் கடன் வாங்குனீங்க?" என்று கேட்டார். யாரிடமும் வாங்கவில்லை என்றேன். இந்தப் பதிலைப் பலமுறை கேட்டுப் பழகியவரைப் போலத் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து அறிக்கையை முழுவதுமாக எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தக் கணக்கு ஒரு கிரெடிட் கார்டு. தொடங்கிய தேதி 2013 ஜூன். தரமணியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் வரவேற்புக் கூடத்தில் மேசை போட்டு, விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர்களுக்கெல்லாம் ஒரு தோள்பை கொடுத்த நாளில் வாங்கிய கார்டு அது. பை கிழிந்து வருடங்களாகிவிட்டன. 2016 அக்டோபரில் வேலை மாறிக் கோவைக்கு வந்தபோது கார்டை ரத்து செய்யும்படி வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கோரிக்கை எண்ணோடு பதிலும் வந்தது. கத்தரிக்கோலால் கார்டை நான்காக வெட்டிக் குப்பையில் போட்டேன். கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மறந்துபோனது, ரத்துக் கோரிக்கைக்குச் சில நாட்கள் முன்பு தீபாவளிக்கு ஊருக்குப் போக அதே கார்டில் எடுத்த ரயில் டிக்கெட்டை. 1,146 ரூபாய். அதற்கான பில் நான் காலி செய்துவிட்டு வந்த வேளச்சேரி வீட்டுக்குப் போயிருக்கிறது. நினைவூட்டல் அழைப்புகள் பழைய அலுவலகம் கொடுத்து, நான் விலகும்போது திருப்பிக் கொடுத்துவிட்ட எண்ணுக்குப் போயிருக்கின்றன. அது 2016 நவம்பர் என்பதையும் சொல்ல வேண்டும். ஊரே ஏடிஎம் வாசலில் நின்றுகொண்டிருந்த அந்த மாதத்தில் வராத ஒரு பில்லைப் பற்றி யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. ஆக, இந்தக் கதையில் நான் முழுக்கக் குற்றமற்றவன் அல்லன். பின்னால் நடந்த எல்லாவற்றையும் இந்த 1,146 ரூபாயை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்கலாம்.

வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கடன் வேறொரு நிறுவனத்தின் பெயரில் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு முதலில் விளங்காதது. கிரெடிட் கார்டு நிலுவை சில மாதங்கள் கட்டப்படாமல் போனால் வங்கி அதை வாராக்கடனாக்கி, பிறகு தன் ஏட்டிலிருந்து ரைட் ஆஃப் செய்கிறது. ரைட் ஆஃப் என்றால் தள்ளுபடி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தள்ளுபடியே இல்லை, வங்கி தன் கணக்கு வசதிக்காகச் செய்யும் வேலை அது, கடன் அப்படியேதான் இருக்கும். அப்படி ஒதுக்கிய ஆயிரக்கணக்கான சிறு கடன்களை மொத்தமாகக் கட்டி, சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் என்று தமிழில் சொல்லப்படும் ஏஆர்சி ஒன்றுக்கு விற்றுவிடுகிறார்கள். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனங்கள் இவை. விற்பனைக்கு நம் சம்மதம் தேவையில்லை. வாங்கிய நிறுவனமும் நம்மிடம் நேரடியாக வருவதில்லை. வசூலுக்கு ஒரு கலெக்‌ஷன் ஏஜென்சியை அமர்த்துகிறது. ஆகவே நம்மை அழைப்பவர் ஒருவர், கடனுக்கு உரிமையாளர் இன்னொருவர், கடன் கொடுத்தவர் மூன்றாமவர். இந்த மூவரில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெளிவாக எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஆயின.

இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. முதலில் வந்ததன் பெயரே நான்குக்கும் பொதுப்பெயராகிவிட்டதால் எல்லாமே நமக்கு சிபில்தான். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2017 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நான் நான்கையும் எடுத்தேன். எடுத்தது நல்லதாயிற்று, ஏனெனில் நான்கும் ஒன்றுபோல இல்லை. ஒன்றில் இந்தக் கணக்கே காணோம். இரண்டில் ஏஆர்சியின் பெயரில் ஒரு பதிவு மட்டும். மற்றொன்றில் ஒரே கடன் இரண்டு முறை: பழைய வங்கியின் பெயரில் "ரிட்டன் ஆஃப் அண்ட் அக்கவுன்ட் சோல்டு" (ரைட் ஆஃப் செய்து விற்றாயிற்று) என்றும், ஏஆர்சியின் பெயரில் "அக்கவுன்ட் பர்ச்சேஸ்டு" (வாங்கிய கணக்கு) என்றும். விற்றுவிட்ட பிறகு வங்கியின் பதிவில் நிலுவை பூஜ்யமாக இருக்க வேண்டும். என் அறிக்கையில் 7,542 என்று அங்கேயும் ஒரு தொகை நின்றது. இந்த ஒரு பிழைதான் பின்னால் எனக்குக் கைப்பிடியாக உதவியது.

அறிக்கையில் எல்லோரும் பார்ப்பது மேலே பெரிய எழுத்தில் இருக்கும் ஸ்கோரை. வங்கி அதிகாரி பார்ப்பது கீழே வரும் சின்னக் கட்டங்களை. மாதத்துக்கு ஒன்றாக முப்பத்தாறு கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் அந்த மாதத் தவணை எத்தனை நாள் தாமதம் என்ற எண். ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு 000 என்று முத்துக் கோத்தது போல வரிசையாக வரும். எனக்கு வீட்டு உபயோகப் பொருள் கடனிலும், இப்போதைய கார்டிலும் அப்படித்தான் இருந்தது. இந்தப் பழைய கணக்கில் மட்டும் எல்லாக் கட்டத்திலும் 900. அதற்கு மேல் எண்ண அந்தக் கட்டத்தில் இடமில்லை போலும்.

அறிக்கையில் இருந்த நிறுவனத்தின் பெயரைத் தேடி, அவர்களுடைய வாடிக்கையாளர் எண்ணுக்கு நானே அழைத்தேன். அது என் முதல் தவறு. மறுநாள் காலையிலிருந்து அழைப்புகள் தொடங்கின. மிக மரியாதையாகப் பேசும் ஒரு பெண், 31,870 ரூபாயை 14,000க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். யோசிக்க வேண்டும் என்றேன். மாலையில் ஓர் ஆண் குரல் 9,000 என்றது. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்தான் சார் இந்த ஆஃபர். நம்பர் அனுப்புறேன், ஜிபே பண்ணிடுங்க, நாளைக்கே சிபில் கிளியர்." வீட்டு முன்பணம் இரண்டு லட்சம் கண்முன் நிற்கும் ஒருவனுக்கு 9,000 ரூபாய் பெரிதாகத் தோன்றாது. செயலியைத் திறந்து எண்ணையும் போட்டுவிட்டேன். பெறுபவர் பெயராக நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாகத் தனி நபர் ஒருவரின் பெயர் வந்தது. அங்கேதான் கை நின்றது.

அந்த இரவு உட்கார்ந்து படித்ததில் மூன்று செய்திகள் தெரிந்தன.

முதலாவது, காலவரம்பு. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி இதுபோன்ற கடனுக்கு வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டுகள்தான். என் கணக்கில் எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் 2020க்குள் அந்தக் கெடு முடிந்துவிட்டது. ஆனால் கெடு முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ, மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். கெடு முடிந்த பிறகும் "கட்டிவிடுகிறேன்" என்று கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி அதுவே புதிய வாக்குறுதியாகிவிடும். ஆகவே "ஒரு ஆயிரம் போட்டு வைங்க சார், மீதியை அப்புறம் பார்க்கலாம்" என்று ஏஜென்ட் சொல்வதில் அவருடைய அன்றைய இலக்கைத் தவிர வேறு கணக்கும் இருக்கக்கூடும். இரண்டாவது, காலவரம்பு முடிந்தது என்பதால் அறிக்கையிலிருந்து பதிவு போய்விடாது. வழக்குப் போட முடியாது என்பது வேறு, கடன் இல்லை என்பது வேறு. கடன் தகவல் நிறுவனங்கள் விவரத்தைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. "ஏழு ஆண்டில் தானாக அழியும்" என்று ஊரில் சொல்வது அந்த விதியைத் தலைகீழாகப் படித்ததால் வந்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. 9,000 கட்டியிருந்தால் என் அறிக்கையில் எழுதப்பட்டிருக்கும் சொல் "செட்டில்டு". கேட்பதற்கு நல்ல சொல்லாக இருக்கிறது. "செட்டில் ஆகிவிட்டான்" என்று நாம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதில்லையா? கடன் அறிக்கையில் அதற்குப் பொருள் வேறு: முழுத் தொகையைக் கொடுக்காமல் பேரம் பேசி முடித்தவர். வீட்டுக் கடன் கொடுப்பவர் இந்தச் சொல்லைப் பார்த்தால் ரிட்டன் ஆஃபைப் பார்த்த அதே முகச்சுளிப்போடுதான் பார்ப்பார். முழு நிலுவையும் கட்டி முடித்தால் வரும் சொல் "குளோஸ்டு". இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள விலையைத் தொலைபேசியில் எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டார். சில ஆயிரம் தள்ளுபடி கிடைத்ததே என்ற மகிழ்ச்சியில் நாமும் கேட்பதில்லை.

மறுநாளிலிருந்து தொலைபேசியில் பேசுவதை நிறுத்தி, எல்லாவற்றையும் மின்னஞ்சலுக்கு மாற்றினேன். ஏஆர்சிக்கு எழுதிய முதல் கடிதத்தில் எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. என் அறிக்கையில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது. அது எந்த வங்கியிடமிருந்து, எந்தத் தேதியில், எவ்வளவு நிலுவையோடு உங்களுக்கு மாறியது, அந்த 31,870 ரூபாயில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று ஸ்டேட்மென்ட் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். பத்து நாட்களில் வந்த பதிலில் ஒரே ஒரு வரி: பழைய ஸ்டேட்மென்ட்டுகளுக்கு வங்கியை அணுகவும். வங்கியைக் கேட்டால், கணக்கை விற்றுவிட்டோம், வாங்கியவர்களைக் கேளுங்கள் என்றார்கள். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பதை அந்த ஜூன் மாதத்தில் நன்றாக உணர்ந்தேன்.

கடன் தகவல் நிறுவனத்தின் தளத்திலும் ஜூன் 3ஆம் தேதி ஆட்சேபம் பதிவு செய்தேன். பலர் இங்கே ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்: இந்த நிறுவனங்கள் தாமாக எதையும் திருத்துவதில்லை, நம் ஆட்சேபத்தை வங்கிக்கோ ஏஆர்சிக்கோ அனுப்பி, அவர்கள் சொல்வதைத்தான் பதிகின்றன. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு 2024 ஏப்ரல் 26இல் அமலுக்கு வந்த விதிப்படி, புகார் 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு. அதில் கடன் கொடுத்தவர் பதில் தர 21 நாள் கெடு. எனக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. இருபத்தைந்தாம் நாளே "உறுப்பினர் நிறுவனம் விவரத்தை உறுதி செய்துள்ளது" என்று முடித்துவிட்டார்கள். கெடு தவறக்கூடாது என்பதில் எல்லோரும் கவனமாக இருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

இதற்கிடையில் கும்பகோணத்திலிருந்து அப்பா அழைத்தார். 2013 விண்ணப்பத்தில் பரிந்துரையாளர் என்ற கட்டத்தில் அவருடைய எண்ணை எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று ஆண்டுகளாகவே அவருக்கு அவ்வப்போது அழைப்பு வந்திருக்கிறது; கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள் என்று நினைத்து, "பையன் கோயம்புத்தூர்ல இருக்கான், அவனைக் கேளுங்க" என்று சொல்லி வைத்துக்கொண்டிருக்கிறார். அன்று இரவு எட்டரைக்கு வந்த அழைப்பு வேறு மாதிரி. வழக்குப் பதிவாகிவிட்டது, இரண்டு நாளில் போலீஸ் வரும் என்று ஒருவன் மிரட்டியிருக்கிறான். எழுபத்திரண்டு வயது மனிதர். "எவ்வளவுடா? நான் நகையை வெச்சு அனுப்பவா?" என்று கேட்டார். என் வாழ்நாளில் 1,146 ரூபாய்க்காக இவ்வளவு கூசியதில்லை.

கார்டு பணம் கட்டாதது உரிமையியல் விவகாரம். அதற்காகப் போலீஸ் வந்து யாரையும் அழைத்துப் போவதில்லை என்று அவருக்குப் புரிய வைத்தேன். பிறகு தேதி, நேரம், எண், பேசிய சொற்கள் எல்லாவற்றையும் அவரையே சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். 2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்கிறது. கடன் வாங்கியவரின் குடும்பத்தார், நண்பர்கள், பரிந்துரையாளர்கள் ஆகியோரின் தனிமையில் தலையிடக் கூடாது என்கிறது. மிரட்டல் கூடாது என்கிறது. அது வங்கிகளுக்கு மட்டுமல்லாமல் ஏஆர்சிகளுக்கும் பொருந்தும். ஏஜென்ட் வெளியாள், எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் கைகழுவ முடியாது. ஏஜென்டின் செயலுக்கு அமர்த்தியவரே பொறுப்பு. அந்தச் சுற்றறிக்கையின் தேதியையும் அப்பா சொன்ன விவரங்களையும் வைத்து ஏஆர்சியின் குறைதீர் அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். மிரட்டல் அதோடு நின்றது. நாகரிகமான அழைப்புகள் நிற்கவில்லை.

வங்கியில் புகார்களைக் கவனிக்கும் முதன்மை நோடல் அலுவலருக்கு எழுதிய கடிதம்தான் கதவைத் திறந்தது. அதில் இரண்டே விஷயங்கள். ஒன்று, 2016 அக்டோபரில் நான் அனுப்பிய ரத்துக் கோரிக்கையும், கோரிக்கை எண்ணோடு நீங்கள் அனுப்பிய பதிலும் இதோ; அந்தப் பதிலில் கட்ட வேண்டிய நிலுவை இருப்பதாக ஒரு சொல்லும் இல்லை, அப்படியிருக்க அதன் பிறகு ஆண்டுக் கட்டணமும் தாமதக் கட்டணமும் எதன் அடிப்படையில் சேர்ந்தன? இன்னொன்று, விற்றுவிட்ட கடனுக்கு உங்கள் பெயரிலும் 7,542 நிலுவை காட்டுவது ஏன்? முப்பது நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்வேன் என்றும் எழுதினேன். அது வெற்று மிரட்டல் அன்று. 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் இணையம் வழியாகக் கட்டணமின்றிப் புகார் செய்ய வழி இருந்தது, 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்களும் அதற்குள் வந்துவிட்டன. புகாரை எழுதித் தயாராகவே வைத்திருந்தேன்.

இருபத்தேழாம் நாள் பதில் வந்தது, எட்டு ஆண்டுகளாக நான் பார்க்காத ஸ்டேட்மென்ட்டோடு. அந்தத் தாளை அச்செடுத்துப் பேனாவோடு உட்கார்ந்தேன். ரயில் டிக்கெட் 1,146. ஒன்பது மாத வட்டி 1,107. வரியோடு ஆண்டுக் கட்டணம் 575. தாமதக் கட்டணம், ஆறு மாதங்களுக்கு 400 வீதமும், நிலுவை ஐயாயிரத்தைத் தாண்டிய பிறகு மூன்று மாதங்களுக்கு 500 வீதமும், ஆக 3,900. வட்டிக்கும் தாமதக் கட்டணத்துக்கும் வரி 814. கூட்டினால் 7,542, 2017 ஆகஸ்டில் அதை ரைட் ஆஃப் செய்திருக்கிறார்கள். வாங்கிய பொருளைவிட அதைக் கட்டாததற்கான கட்டணம் மூன்று மடங்குக்கு மேல். கந்துவட்டி என்றால் சந்தையில் தினத்தண்டல் வாங்குபவரைத்தான் நாம் நினைக்கிறோம். மாதத்துக்கு 3.35 சதவீத வட்டியை நேர்த்தியான தாளில் அச்சடித்துக் கொடுத்தால் அந்தச் சொல் நமக்கு நினைவுக்கு வருவதில்லை.

ரத்துக் கோரிக்கைக்குப் பிந்தைய ஆண்டுக் கட்டணத்தையும் தாமதக் கட்டணத்தையும் அவற்றின் வரியோடு நீக்குவதாக வங்கி ஒப்புக்கொண்டது. அசல், வட்டி, வட்டியின் மேலான வரி 166 ரூபாய், மொத்தம் 2,419. இந்தத் திருத்தத்தை ஏஆர்சிக்கும் அவர்களே அனுப்பினார்கள். ஏஆர்சி தன் பங்கு வட்டியைச் சேர்த்துக் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். விற்றவரே கணக்கு தவறு என்று எழுதிக் கொடுத்த பிறகு அவர்கள் வாதாடவில்லை. ஆனால் அவர்கள் அனுப்பிய கடித வரைவில் "செட்டில்மென்ட் தொகை" என்றிருந்தது. திருப்பி அனுப்பினேன். திருத்தப்பட்ட முழு நிலுவை 2,419 ரூபாய் என்றும், அதைப் பெற்றதும் கணக்கு குளோஸ்டு என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கப்படும் என்றும் அவர்களுடைய லெட்டர்ஹெட்டில் வந்த பிறகே, செப்டம்பர் 20ஆம் தேதி, நிறுவனத்தின் சொந்த வங்கிக் கணக்குக்கு நெஃப்ட் வழியாகப் பணம் அனுப்பினேன். அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் ஐந்து மின்னஞ்சல்கள்.

என்னுடையது சிறிய தொகை, அதனால் இந்தப் பிடிவாதம் எனக்குக் கட்டுப்படியானது. எல்லோருக்கும் அப்படியில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் 2020இல் வேலையிழந்து, மூன்று லட்ச ரூபாய் தனிநபர் கடனை ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு முடித்துக்கொண்டார். அன்றைக்கு அவரிடம் இருந்ததே அவ்வளவுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து நிலைமை சீரானபோது, விட்டுக்கொடுத்த மிச்சத் தொகையையும் அதே நிறுவனத்திடம் பேசிக் கட்டி, செட்டில்டு என்பதைக் குளோஸ்டு என்று மாற்றிக்கொண்டார். அப்படி ஒரு வழி இருப்பது தெரியாமல், சிபிலைச் சுத்தம் செய்து தருவதாகச் சுவரொட்டி ஒட்டும் ஆட்களிடம் ஐயாயிரமும் பத்தாயிரமும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுவரொட்டி ஆட்கள் செய்வதெல்லாம், நாம் இலவசமாகப் பதிவு செய்யக்கூடிய அதே ஆட்சேபத்தை நம் பெயரில் பதிவு செய்வதுதான். உண்மையான கடன் பதிவை எந்த இடைத்தரகராலும் அழிக்க முடியாது.

அக்டோபரில் நிலுவையின்மைச் சான்று வந்தது. அறிக்கையில் மாற்றம் தெரிய நவம்பர் ஆனது. அப்போது தகவல்கள் மாதத்துக்கு ஒருமுறைதான் போய்க்கொண்டிருந்தன. 2025 ஜனவரியில், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று விதி மாறியது. கணக்கு குளோஸ்டு, நிலுவை பூஜ்யம், வங்கியின் பெயரில் இருந்த இரட்டைப் பதிவும் சரியாயிற்று. கட்டங்களில் இருந்த 900கள் அப்படியே இருக்கின்றன. நடந்தது நடந்ததுதான், அவற்றை யாரும் அழிப்பதில்லை. ஸ்கோர் 641இலிருந்து 718க்கு ஏறியது. வீட்டை விற்பவர் நல்ல மனிதராக இருந்ததால் கெடுவை இரண்டு முறை நீட்டிக் கொடுத்தார். டிசம்பரில் கடன் கிடைத்தது, முதலில் சொன்ன 8.60க்குப் பதிலாக 8.85 சதவீதத்தில். 38 லட்ச ரூபாய்க்கு இந்தக் கால் சதவீதம் ஓராண்டில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்து, தாளைக் கசக்கிப் போட்டேன்.

சான்று, லெட்டர்ஹெட் கடிதம், நெஃப்ட் ரசீது, பழைய ரத்துக் கோரிக்கை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். அது வீண்போகவில்லை. 2025 பிப்ரவரியில் வேறொரு ஏஜென்சியிலிருந்து அதே கார்டுக்கு, அதே 31,870 ரூபாய்க்கு மீண்டும் அழைப்பு வந்தது. யாரோ ஒருவரிடம் பழைய பட்டியல் புதுப்பிக்கப்படாமல் இருந்திருக்கிறது. சான்றின் படத்தை அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டுப் பெயரை நீக்கிவிடுவதாகச் சொன்னார்கள். அன்று மாலை அப்பாவுக்கும் அழைத்திருக்கிறார்கள். பதறிப்போய் நான் அழைத்தபோது அவர் நிதானமாக இருந்தார். "பணம் கட்டியாச்சு, பேப்பர் பையன்கிட்ட இருக்குன்னு சொல்லிட்டேன். திருவாரூர் பக்கத்துப் பையனாம். பதினாலாயிரம் சம்பளம், ஒரு நாளைக்கு இருநூறு பேருக்குப் போன் போடணுமாம். சாப்பிட்டியான்னு கேட்டேன், இன்னும் இல்லைன்னான்" என்றார்.